நாலாம் மிதவையின் பூஜ்யங்கள்

அம்மா இறந்த அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு நீர் வாரிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி எடுத்தேன். பேசியவர் ஸ்டோர்ஸ் கிளார்க்.

"அம்மா விஷயம் கேள்விப்பட்டோம்மா. ரொம்ப வருத்தம். அந்த ஐஸ் பெட்டி உங்ககிட்டதானே இருக்கு?"

பெட்டி என் காலடியில்தான் இருந்தது. அன்று காலை அம்மா ஏரியில் தண்ணீர் எடுத்துவிட்டு லேபுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரோ ஒரு பெண் அவளையும் பெட்டியையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். அம்மா பிழைக்கவில்லை. பெட்டி முழுசாக வந்துவிட்டது.

"இருக்கு," என்றேன்.

"அது நம்பர் போட்ட ஐட்டம்மா. ரெண்டு நாள்ல யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க. உள்ள இருக்கற சாம்பிளைக் கொட்டிடுங்க, ஐஸ் கரைஞ்சிருக்கும், செல்லாது."

இருபத்தாறு வருஷம் அந்த வாரியத்தில் வேலை பார்த்தவள். செத்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. போனைச் சுவரில் அடிக்காமல் பையில் போட்டுக்கொண்டதற்குக் காரணம், எனக்கு அதைவிடப் பெரிய கோபம் ஒன்று அப்போதே இருந்தது என்பதுதான்.

அந்த வாரம் வாரியம் ஒரு வரைவு ஆணை வெளியிட்டிருந்தது. எங்கள் ஊர் குடிக்கும் தண்ணீர் முழுக்க ஒரே ஏரியிலிருந்து வருகிறது. அதில் புதிதாக ஆலைக் கழிவுக் கால்வாய் எதையும் விடக்கூடாது என்று தடை இருந்தது. அதை நீக்கலாம் என்றது வரைவு. காரணம், பதினொரு வருஷ அளவீடுகளின்படி ஏரி நல்ல நிலையில் இருக்கிறதாம். ஆட்சேபம் இருந்தால் பதினாறு நாளுக்குள் ஆதாரத்தோடு கொடுக்க வேண்டும். அந்த அளவீடுகள் எல்லாம் அம்மா எடுத்தவை. அந்த ஏரி நல்ல நிலையில் இல்லை என்று செத்த அன்று காலைவரை சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

அப்பா வாரியத்தில் ஜீப் டிரைவர். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது போய்விட்டார். அவர் இடத்தில் அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். ஜீப் ஓட்ட அல்ல, லேபில் கண்ணாடிச் சாமான் கழுவ. ஏழு வருஷம் குடுவைகளும் குழாய்களும் கழுவினாள். அமிலத்தில் விரல் நுனிகள் வெளுத்துப் போயின. கழுவிக்கொண்டே மற்றவர்கள் செய்வதைப் பார்த்தாள். எந்தச் சோதனைக்கு எந்தக் குடுவை, எதை எதோடு கலந்தால் என்ன நிறம் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தண்ணீர் எடுக்கிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனபோது, நான் போகிறேன் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏரியில் மொத்தம் ஏழு மிதவைகள். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலை, ஏழிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் எடுத்தாள்.

அவள் எடுக்கிற முறையை நான் இரண்டு மூன்று தடவை படகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாட்டிலை அந்த இடத்துத் தண்ணீரிலேயே மூன்று முறை அலம்புவாள். பிறகு வாய் கீழே இருக்கும்படி முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே திருப்பி நிரப்பி, மூடியையும் தண்ணீருக்குள்ளேயே போடுவாள். வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பாள். ஒரே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. எல்லோரும் அவளை 'பாட்டிலக்கா' என்பார்கள்.

படகுக்காரர் சலித்துக்கொள்வார். "ஏன் பாட்டிலக்கா, ஏரித் தண்ணிய எடுக்கறதுக்கு முன்னாடி ஏரித் தண்ணியில மூணு தடவை அலம்பணுமா? எங்க வீட்டுல சோத்துத் தட்டைக்கூட இவ்ளோ அலம்ப மாட்டாங்க."

"அது உங்க வீட்டுக்கு வர்றவங்க தலையெழுத்து. நீ படகை ஆட்டாம நிறுத்து."

"காத்து ஆட்டுது. நானா ஆட்டறேன்?"

"உன் வாய் அசையறதை நிறுத்து, பாதி காத்து நின்னுடும்."

அமோனியாவை மட்டும் படகிலேயே பார்த்துவிட வேண்டும். நேரமானால் மாறிவிடும் என்பது வாரிய விதி. அதற்குக் கையடக்க மீட்டர் ஒன்று கொடுத்திருந்தார்கள். அது லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் வரைதான் எண் காட்டும். அதற்கு மேல் போனால் திரையில் நாலு கோடுகள் வரும். நாலாம் மிதவை பழைய ஆலைக் கால்வாயின் வாய்க்கு நேர் எதிரே இருந்தது. கோடுகள் வந்ததெல்லாம் அங்கேதான்.

கோடு வந்தால் தாளில் கோடு போடுவாள். பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் 'அளவுக்கு மேல்' என்று எழுதுவாள். பென்சிலில்தான் எழுதுவாள், தண்ணீர் பட்டால் பேனா ஓடிவிடும். கார்பன் வைத்து எழுதிய வெள்ளைத் தாள் அலுவலகத்துக்குப் போகும். அடியில் இருக்கிற மஞ்சள் தாள் அட்டை போட்ட நோட்டோடு அவளிடம் இருக்கும். நிரம்பிய அட்டைகளை எங்கே ஒப்படைப்பது என்று பத்தொன்பது வருஷத்தில் வாரியம் அவளுக்குச் சொல்லவில்லை. வீட்டிலேயே அடுக்கி வைத்திருந்தாள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தேன். படிப்பு முடிந்த கையோடு ஆறு மாதம் இதே வாரியத்தில் பயிற்சியாளராக இருந்தேன். காகிதத்தில் கிடந்த அளவீடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஓர் அட்டவணை செய்யச் சொன்னார்கள். செய்தேன். எண்ணைத் தட்டினால் சராசரி தானாக வரும், வரைபடம் தானாக வரும், வரம்பைத் தாண்டினால் சிவப்பு, தாண்டாவிட்டால் பச்சை. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கூட்டிவந்து திரையில் காட்டினேன்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "குறிப்புக் கட்டம் எங்கடி?"

"அது எதுக்கும்மா? அதெல்லாம் டேட்டா இல்லை. எழுத்து வந்தா சராசரி போட முடியாது."

"நான் எழுதறது டேட்டா இல்லையா?"

"நீ எழுதற நம்பர் டேட்டா. நீ எழுதற கதை டேட்டா இல்லை."

சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அட்டவணை அன்றிலிருந்து ஓடுகிறது.

ஏழு வருஷம் கழித்து, வருடாந்தர அறிக்கையின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து அலுவலக வாசலில் மாட்டினார்கள். அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள். ஏழு மிதவைகளில் மிகச் சுத்தமானது நாலாம் மிதவை. கரும்பச்சை. அங்கே தண்ணீரில் கை விட்டால் அவளுக்கு முழங்கைவரை அரிக்கும்.

செயற்பொறியாளரிடம் போனாள். அவர் சொன்னது இதுதான்: "நீங்க தண்ணி எடுங்கம்மா. கணக்கை நாங்க பாத்துக்கறோம்."

அன்றே எனக்குப் போன் செய்தாள். நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"நாலாம் மிதவை பச்சையா இருக்குடி. அங்க நிறைய வாரம் பூஜ்யம்னு போட்டிருக்கான்."

"பூஜ்யம்னா சுத்தம்மா. சந்தோஷப்படேன்."

"நான் பூஜ்யம் எழுதலையே."

"உன் மீட்டர் பழசு. மாத்தச் சொல்லு. நான் அப்பறம் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை. அம்மாவும் பூஜ்யத்தைப் பற்றி என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை, ஏரி கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரங்கல் கூட்டம் இறந்த நாலாம் நாள் நடந்தது. வரைவு ஆணையில் கையெழுத்துப் போட்ட அதே செயற்பொறியாளர், படத்துக்கு முன்னால் நின்று, "இந்த ஏரியின் தாயை இழந்துவிட்டோம்," என்றார். கை தட்டினார்கள். நான் எழுந்து போய்விட்டேன். மரியாதை தெரியாத பெண் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் அட்டைகளைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளாக நாலாம் மிதவையின் வரியைப் பார்த்துக்கொண்டே போனேன். கோடு. அளவுக்கு மேல். கோடு. அளவுக்கு மேல். கடைசி நாலு வருஷத் தாள்களில், கோடு இருக்கிற தாளின் பின்பக்கம் பென்சிலில் ஒரு எண்ணும் இருந்தது. 'பத்துக்கு ஒன்று. 11.2.' 'பத்துக்கு ஒன்று. 9.7.' அறுபத்தோரு தாள்கள். எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீட்டர் தாங்காத தண்ணீரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சுத்த நீர் சேர்த்துப் பத்தாக்கி, அளந்து, வந்ததைப் பத்தால் பெருக்குவது. முதலிலேயே வாரியம் செய்திருக்க வேண்டிய வேலை. யாரோ லேபில் அவளுக்காகச் செய்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டேன். கடந்த வருஷம் ஐம்பத்திரண்டு வாரத்தில் பதினேழு வாரம் கோடு. வாரிய அறிக்கையின்படி நாலாம் மிதவையின் சராசரி 0.94. சட்டம் அனுமதிக்கும் வரம்பு 1.5. பென்சில் எண்களைப் போட்டால் 4.41.

மோசமான வாரங்கள் எல்லாம் பூஜ்யமாக ஏறியிருந்தன. ஏரி எவ்வளவு கெட்டதோ அவ்வளவு பூஜ்யம். அவ்வளவு பச்சை.

எந்த மடையன் கோட்டைப் பூஜ்யமாக்கினான் என்று கேட்க மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனேன். கத்துவதற்குத் தயாராகத்தான் போனேன். தட்டச்சு செய்கிற பெண் பயந்து போய்த் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"நான் என்ன மேடம் பண்ணட்டும்? கோடு போட்டா கட்டம் வாங்காது. காலியா விட்டா அடுத்த கட்டத்துக்கே போகாது. பூஜ்யம் போட்டா போயிடும். எனக்கு முன்னாடி இருந்தவங்க அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. பாருங்க."

கோடு போட்டாள். சின்னப் பெட்டி ஒன்று எழுந்தது. 'எண் மட்டும் இடவும்.' அதன் அடியில், சின்ன எழுத்தில், அட்டவணை வடிவமைப்பு என்று போட்டு என் பெயர்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். எங்கே போகிறோம் என்று தெரியாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பிறகு திரும்பி லேபுக்குப் போனேன்.

லேபில் சுத்த நீர் சேர்த்து அளந்தது யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அங்கே டெக்னீஷியனாக இருக்கிறார். 'பிப்பெட்' என்று பட்டப்பெயர். லேபில் திரவத்தை உறிஞ்சி அளக்கிற அந்தக் கண்ணாடிக் குழாய் மாதிரியே ஒல்லியாக, நேராக இருப்பார். சின்ன வயதிலிருந்து எனக்கு மாமா.

மஞ்சள் தாள்களை மேஜையில் வைத்தேன். "பின்னாடி இருக்கறது உங்க அளவு. ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து வேணும் மாமா. வெறும் கோட்டைக் காட்டினா மீட்டர் கெட்டுப் போச்சுன்னு சொல்லிடுவாங்க."

"எனக்கு இன்னும் பதினாலு மாசம் சர்வீஸ் இருக்கு."

"அம்மாவுக்கு மூணு வருஷம் இருந்துச்சு."

கண்ணாடியைக் கழற்றினார். "சண்டைக்கு வந்தியா, கையெழுத்துக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"அவளும் இப்படித்தான் வெடுக்குனு பேசுவா. ஆனா அவ பேசினா சிரிப்பு வரும். உனக்கு அது வரலை."

"ஏன் மாமா அவ இதை வெளிய கொண்டு போகலை? பத்திரிகை இருக்கு, கோர்ட் இருக்கு. வாயை மூடிட்டு இருக்கற ஆளா அவ?"

"வாயை எங்க மூடினா? செயற்பொறியாளருக்குப் பதினாலு லெட்டர் எழுதினா. இந்த மேஜையில உக்காந்துதான் எழுதினா. பதினாலுக்கும் பதில் இல்லை."

"அதுல அட்டவணையைப் பத்திச் சொன்னாளா?"

அவர் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டி நேராக்கினார். "முதல் லெட்டருக்கு முன்னாடி அந்தத் தட்டச்சுப் பொண்ணுகிட்டப் போய்ப் பாத்துட்டு வந்தா. வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்தா. 'அண்ணே, பெட்டிக்குள்ள எம்பொண்ணு பேரு இருக்கு'ன்னா. அவ்ளோதான். லெட்டர்ல கோட்டைப் பத்தி எழுதுவா, தண்ணியைப் பத்தி எழுதுவா. அட்டவணையைப் பத்தி ஒரு வார்த்தை வராது. நானும் சொல்லிப் பாத்தேன். 'அவ பொழப்புல மண்ணைப் போடச் சொல்றீங்களா'ன்னு என்னையே திட்டினா. சரி, காலை டீ நேரத்துல ரெண்டு பேருமா அளந்து வைப்போம்னு ஆரம்பிச்சோம்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் அவள் மேல். என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா? நாலு வருஷம் ஊர் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடித்தது. குழந்தைகள் குடித்தார்கள். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் போனது. என் பெயர் ஒரு சின்னப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது என்பதற்காக. 'உன் அட்டவணை தப்புடி' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றே பஸ் ஏறி வந்திருப்பேன். வந்திருப்பேனா? அப்பறம் கூப்பிடறேன் என்று போனை வைத்தவள் நான்.

"கையெழுத்துப் போடறேன்," என்றார் மாமா. "ஆனா அந்த அட்டவணை யாருதுன்னு நீயே அங்க சொல்லணும். என்னை முன்னாடி தள்ளிட்டு நீ நியாயஸ்தி மாதிரி நிக்கக் கூடாது."

"சொல்றேன்."

அறுபத்தோரு கையெழுத்து. நடுவில் பேனா மை தீர்ந்து வேறு பேனா எடுத்தார்.

விசாரணை பதினாறாம் நாள், கடைசி நாள், நடந்தது. நீளமான மேஜை, ஒரு பக்கம் மூன்று பேர் குழு, எதிரே வாரியத்தின் வக்கீலும் செயற்பொறியாளரும். குழுத் தலைவர் வயதான பெண்மணி, நிதானமானவர். நான் மஞ்சள் தாள்களை வரிசைப்படி வைத்து விளக்கினேன். வக்கீல் எழுந்தார். லேபில் அளந்தது படகில் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து, ஆகவே விதிப்படி செல்லாது என்றார்.

"ரெண்டு மணி நேரத்துல அமோனியா குறையுமே தவிர ஏறாது," என்றேன். "அப்படின்னா உண்மையான எண் இதைவிட மோசம். அதை நீங்க வாதாடறீங்களா?"

குழுவில் ஒருவர் இருமிச் சிரிப்பை மறைத்தார். தலைவர் கேட்டார்: "கோடுகள் எப்படிப் பூஜ்யமாச்சு?"

சொன்னேன். அட்டவணை என்னுடையது, எழுத்தையும் கோட்டையும் வாங்காதபடி வடிவமைத்தது நான், குறிப்புக் கட்டத்தை எடுத்ததும் நான். செயற்பொறியாளரின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குச் சாகும்வரை மறக்காது.

உடனே வக்கீல் சுதி மாற்றினார். தவறு முழுக்க வடிவமைத்த தனிநபருடையது, வாரியத்துக்கு எதுவும் தெரியாது என்று பதிவானால், பென்சில் அளவுகளை ஏற்பதில் வாரியத்துக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

"தெரியாதா?" என்றேன். "பதினாலு லெட்டர் வந்திருக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காரே, அவர் பேருக்கு."

"எந்த லெட்டரும் கோப்பில் இல்லை," என்றார் செயற்பொறியாளர். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

தலைவர் என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மா, கடிதங்களை விசாரிக்கணும்னா ஒத்தி வைக்கணும். ஆட்சேப காலம் இன்னிக்கு முடியுது. அளவுகள் இன்னிக்குப் பதிவாகலைன்னா வரைவு அப்படியே ஆணையாயிடும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

கடிதங்களா, ஏரியா. மேஜையில் தாளைத் தள்ளினார்கள். 'தவறு அட்டவணையை வடிவமைத்த தனிநபருடையது. வாரிய அலுவலர்கள் அறிந்திருக்கவில்லை.' முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பச்சைப் பொய். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து.

போட்டேன்.

நாலாம் மிதவையின் நாலு வருஷச் சராசரிகள் திருத்தப்பட்டன. தடை நீடிக்கிறது. புதிய கால்வாய் வராது. பழைய கால்வாயை என்ன செய்வது என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த நிறுவனம் பதிவைப் படித்துவிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டது. அது எனக்கு நியாயமாகவே படுகிறது.

வெளியே வரும்போது படிக்கட்டில் செயற்பொறியாளர் நின்றிருந்தார். "உங்க அம்மா இருந்திருந்தா ஆபீசை இப்படிச் சந்தி சிரிக்க வச்சிருக்க மாட்டாங்க," என்றார்.

"ஆமா சார். அவங்க உங்களை நம்பினாங்க," என்றேன். "எனக்கு அந்த வியாதி இல்லை."

அவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். பதிவேட்டில் அம்மாவின் கடிதங்கள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாரியம் அறிந்திருந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் அம்மா ஒரு நகல் எடுத்து, அலுவலகத் தபால் பிரிவில் தேதி முத்திரை வாங்கி வைத்திருக்கிறாள். அலமாரியைச் சுத்தம் செய்தபோது, விசாரணை முடிந்து ஒன்பது நாள் கழித்து, கிடைத்தன. பதினாலும். குழுவுக்கு அனுப்பினேன், வழக்கு முடிந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. முதல் கடிதம் இது:

'ஐயா, நாலாம் மிதவையில் மீட்டர் எண் காட்டவில்லை, கோடு காட்டுகிறது. அழுக்கு ஐந்துக்கு மேல் என்று அர்த்தம். உங்கள் அறிக்கையில் பூஜ்யம் என்று இருக்கிறது. நான் பூஜ்யம் எழுதவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் படகில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. நேரில் வந்து பார்க்கவும்.'